துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களுக்கு ஏன் வாக்கு இல்லை?

கயல்விழி
6 டிசம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். குரூப் 1 முதன்மைத் தேர்வுக்காக அரசமைப்புச் சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன். 54, 55 பிரிவுகள் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றியவை. 66ஆம் பிரிவு துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றியது. பிரிவு எண்கள் மனப்பாடம் ஆகிவிட்டன, காரணம்தான் பிடிபடவில்லை.

குடியரசுத் தலைவருக்கு இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும், மாநிலச் சட்டப்பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களும் வாக்களிக்கிறார்கள். துணைக் குடியரசுத் தலைவர் என்று வந்தால் எம்.எல்.ஏ.க்களைக் காணோம். முதல் தேர்தலில் வெளியே நிறுத்தப்படும் நியமன எம்.பி.க்கள் இதில் உள்ளே வந்துவிடுகிறார்கள். குடியரசுத் தலைவர் பதவி திடீரென்று காலியானால் அந்த நாற்காலியில் அமரப் போகிறவர் இவர்தானே? அவரைத் தேர்ந்தெடுக்கும்போது மாநிலங்களை ஏன் கேட்பதில்லை? பயிற்சி மையத்தில் கேட்டேன். "இது தேர்வில் வராது" என்று சொல்லிவிட்டார்கள்.

எண்கணக்கன்
6 டிசம்பர் 2025

நெடுங்காலம் அமர மாட்டார், அதனால்தான். 62ஆம் பிரிவைப் பாருங்கள். குடியரசுத் தலைவர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ ஆறு மாதத்துக்குள் புதிய தேர்தல் நடத்தியாக வேண்டும். வெற்றி பெறுபவருக்கு முழு ஐந்தாண்டு. அமெரிக்காவில் துணை அதிபர் அப்படியே அதிபராகி மீதிக்காலத்தை முடிப்பார். இங்கே அது கிடையாது. இங்கே துணைக் குடியரசுத் தலைவர் ஓர் இடைக்காலப் பொறுப்பாளர் மட்டுமே.

பழைய வக்கீல்
6 டிசம்பர் 2025

கயல்விழி, நல்ல கேள்வி அம்மா. பயிற்சி மையம் சொன்னதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இதே கேள்வி அரசமைப்பு அவையிலேயே எழுந்தது. அம்பேத்கர் சொன்ன விளக்கம் எளிமையானது. குடியரசுத் தலைவர் ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் சேர்த்துத் தலைவர். அவருடைய அதிகாரம் மாநில நிர்வாகம் வரை நீள்கிறது, ஆகவே மாநில உறுப்பினர்களுக்கும் அந்தத் தேர்தலில் பங்கு வேண்டும். துணைக் குடியரசுத் தலைவரின் அன்றாட வேலை மாநிலங்களவைக்குத் தலைமை தாங்குவது. அபூர்வமாக, அதுவும் சிறிது காலத்துக்கே, குடியரசுத் தலைவரின் பணியைப் பார்க்கிறார். அந்த அபூர்வத்துக்காக நாடு முழுவதும் எம்.எல்.ஏ.க்களை வாக்குச்சாவடிக்கு அழைக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் எடுத்த முடிவு.

ஒரு வேடிக்கையான செய்தி. துணைக் குடியரசுத் தலைவர் என்ற பதவிக்கென்று தனிச் சம்பளம் இல்லை. அவர் வாங்குவது மாநிலங்களவைத் தலைவருக்குரிய சம்பளம். குடியரசுத் தலைவராகச் செயல்படும் நாட்களில் அவைத் தலைமையையும் அதற்கான சம்பளத்தையும் விட்டுவிட்டு, குடியரசுத் தலைவருக்குரியதைப் பெறுவார் என்று 64, 65 பிரிவுகள் சொல்கின்றன. சம்பளம் எந்த வேலைக்கு என்பதைப் பார்த்தாலே, அவரைத் தேர்ந்தெடுக்க எம்.பி.க்களே போதும் என்று ஏன் நினைத்தார்கள் என்பது விளங்கும்.

நியமன எம்.பி.க்கள் விஷயம் வேறு. மாநிலங்களவையின் பன்னிரண்டு நியமன உறுப்பினர்களை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அவரையே தேர்ந்தெடுக்கும் வாக்கை அவர்கள் கையில் கொடுப்பது அழகாக இராது. ஆனால் அவர்கள் அமரும் அவைக்கு யார் தலைவர் என்பதில் அவர்களுக்கும் பேச்சுரிமை இருக்க வேண்டும் அல்லவா?

காவிரிக்கரையான்
7 டிசம்பர் 2025

வக்கீல் ஐயா விளக்கம் நன்றாக இருக்கிறது. என் கேள்வி வேறு. 74ஆம் பிரிவின்படி அமைச்சரவை சொன்னதைத்தான் குடியரசுத் தலைவர் செய்ய வேண்டும். 1976இல் 42ஆம் திருத்தம் அதை எழுத்திலேயே கட்டாயமாக்கிவிட்டது. 1978இல் 44ஆம் திருத்தம், "ஒரு முறை திருப்பி அனுப்பலாம், மீண்டும் வந்தால் ஏற்க வேண்டும்" என்று ஒரு சின்னச் சன்னலைத் திறந்தது. இப்படிப்பட்ட ஒரு ரப்பர் ஸ்டாம்பைத் தேர்ந்தெடுக்க, ஒருவருடைய வாக்கை மக்கள்தொகைப்படி இத்தனை என்று எண்ணும் வாக்கு மதிப்பு, வேட்பாளர்களுக்கு 1, 2 என்று வரிசை குறிக்கும் விருப்ப வாக்கு, எம்.பி.க்களுக்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு என்று இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு?

ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டார். டெல்லியை விட்டுவிட்டார் என்பதுதான் என் குறை.

மாடத்திலிருந்து
7 டிசம்பர் 2025

காவிரிக்கரையான், 1969ஐ மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. பல ஆண்டுகள் செய்தியாளனாக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மூன்று மாதங்களைப் போல ஒரு கதை இந்தியத் தேர்தல் வரலாற்றில் குறைவு.

மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். காங்கிரஸ் கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக அறிவித்தது. காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்களின் தேர்வு அது. பிரதமர் இந்திரா காந்திக்கு உடன்பாடில்லை, ஆனாலும் ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவர் அவரே. ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் யார்? பொறுப்புக் குடியரசுத் தலைவர் கிரி. மறுநாளே பதவி விலகி, சுயேச்சையாகப் போட்டியில் இறங்கினார். ஓர் "இடைக்காலப் பொறுப்பாளர்" விடைபெறுவதற்கு முந்தைய நாள் போட்ட கையெழுத்து நாட்டின் பொருளாதாரத்தையே திருப்பிப் போட்டது. எண்கணக்கன் சொன்ன "மட்டுமே" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா. முன்மொழிந்த வேட்பாளரை அவரே கைவிட்டார். தி.மு.க. கிரியை ஆதரித்தது. ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20 அன்று முடிவு. அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. ரப்பர் ஸ்டாம்புக்காக எந்தக் கட்சியும் உடையாது.

எண்கணக்கன்
7 டிசம்பர் 2025

அந்த எண்ணிக்கையை நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது விருப்ப வாக்கு வரை போன ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அதுதான்.

மொத்தம் பதினைந்து வேட்பாளர்கள். முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சுதந்திரா, ஜனசங்கக் கட்சிகள் நிறுத்திய சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. மற்ற பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். வெற்றிக்குச் செல்லுபடியான வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 4,18,169. கிரிக்கு அது இல்லை.

ஆகவே கடைசியில் இருப்பவரிலிருந்து ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். தேஷ்முக்கும் நீங்கியபோது கணக்கு இப்படி நின்றது: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கவனியுங்கள், ரெட்டிக்குக் கூடுதலாக வந்தது 91,879. கிரிக்கு வந்தது 18,562 மட்டும். தேஷ்முக்கின் வாக்காளர்களில் பெரும்பாலோர் இரண்டாவது இடத்தில் ரெட்டியைத்தான் குறித்திருந்தார்கள். இருந்தும் கிரி கோட்டைத் தாண்டினார், 1,908 வாக்கு மதிப்பு மிச்சத்தில். அன்றைய கணக்கில் சில எம்.பி.க்கள் மாற்றி எழுதியிருந்தால் ராஷ்டிரபதி பவனில் வேறு ஒருவர்.

யாழ்நூலகன்
7 டிசம்பர் 2025

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாடான இலங்கையிலும் இந்த விருப்பு வாக்கு முறை உண்டு. ஆனால் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். 1982 முதல் நடந்த எல்லா ஜனாதிபதித் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிவு வந்துவிட்டது. 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ண வேண்டி வந்தது. அநுர குமார திசாநாயக்க முதல் சுற்றில் 42 வீதத்தோடு நின்று, பிறகு வென்றார். எங்கள் முறையில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே வீச்சில் நீக்கப்படுவார்கள். உங்கள் முறைபோல் ஒவ்வொருவராக அல்ல.

இன்னொரு வித்தியாசம். எங்களுக்குத் துணை ஜனாதிபதி இல்லை. பதவி வெற்றிடமானால் பிரதமர் பதில் கடமை பார்ப்பார். பாராளுமன்றம் இரகசிய வாக்கெடுப்பில் ஒருவரைத் தெரிவு செய்யும். அவருக்கு மிச்சக் காலம் மட்டுமே. 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் தெரிவானது அப்படித்தான். வெற்றிடத்தை நிரப்ப வந்தவருக்கு முழு ஐந்தாண்டு கொடுக்கும் உங்கள் ஏற்பாடு எனக்குப் புதிதாக இருக்கிறது.

கயல்விழி
8 டிசம்பர் 2025

நன்றி ஐயா. அப்படியானால் துணைக் குடியரசுத் தலைவருக்கும் அதே விதிதானா? ஜகதீப் தன்கர் 2022இல் வந்தார், 2025 ஜூலை 21 அன்று விலகினார். செப்டம்பரில் வந்த சி.பி. ராதாகிருஷ்ணனுக்கு 2027 வரையா, 2030 வரையா?

எண்கணக்கன்
8 டிசம்பர் 2025

2030 வரை. 68ஆம் பிரிவு, முழுக் காலம். துணைப் பதவி காலியானால் ஆறு மாதக் கெடு கூட இல்லை, "இயன்றவரை விரைவாக" நடத்த வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது சட்டம். திரௌபதி முர்முவின் காலம் 2027 ஜூலையில் முடிகிறது. இனி இரண்டு தேர்தல்களும் வேறு வேறு ஆண்டுகளில் வரும்.

காவிரிக்கரையான்
8 டிசம்பர் 2025

1969 கதை சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அது கட்சிச் சண்டை. பதவிக்கு அதிகாரம் உண்டா என்பதற்கு அது சாட்சியாகாது. தமிழ்நாட்டு அனுபவத்தை எடுத்துக்கொள்வோம்.

1991 ஜனவரி 30. தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். "ஆளுநரின் அறிக்கை பெற்றோ வேறு விதமாகவோ" என்று 356ஆம் பிரிவில் இருப்பதை வைத்துக்கொண்டு சந்திரசேகர் அமைச்சரவை பரிந்துரைத்தது. கையெழுத்திட்டவர் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். சொந்த மாநிலத்தின் அரசு, ஆளுநரே அறிக்கை தராத நிலை. அப்போதும் ஒரு முறை யோசியுங்கள் என்று கோப்பைத் திருப்பி அனுப்பவில்லை. திருப்பி அனுப்பும் உரிமை 1978 முதல் சட்டத்தில் இருந்ததே!

இன்னொன்று நீட் விலக்கு மசோதா. பேரவை 2021இல் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பினார், 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினோம். ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். மாநிலங்களுக்கும் சேர்த்துத் தலைவர் என்பதால் எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கிறார்கள் என்றீர்கள், வக்கீல் ஐயா. வாக்களித்த மாநிலத்தின் மசோதாவுக்கு என்ன மரியாதை கிடைத்தது?

பழைய வக்கீல்
8 டிசம்பர் 2025

காவிரிக்கரையான் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1991ஐ நான் தாங்கிப் பேச மாட்டேன். வெங்கட்ராமன் நான்கு பிரதமர்களோடு பணியாற்றியவர். பெரும்பான்மை இல்லாத அவைகளில் யாரை அழைப்பது என்பதில் மிகுந்த கவனம் காட்டியவர். தமிழ்நாட்டு விஷயத்தில் அந்தக் கவனம் தென்படவில்லை. 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கலைப்பு ஆணைகளை ஆராயத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட கலைப்புகள்தாம் பின்னணி.

ஆனால் அதே சன்னலைத் திறந்து காட்டியவரும் உண்டு. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்கும்படி குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. மறு ஆண்டு பீகாரில் ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை கேட்டபோதும் திருப்பினார். ஒரு முறை காங்கிரஸ் ஆதரவு அரசு, ஒரு முறை பா.ஜ.க. அரசு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல். 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். அஞ்சல்களைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் தந்த 1986ஆம் ஆண்டு அஞ்சல் மசோதாவில் ஜைல் சிங் கையெழுத்திடவும் இல்லை, திருப்பவும் இல்லை, அப்படியே வைத்துவிட்டார். 111ஆம் பிரிவில் காலக்கெடு இல்லாததால் அது இயன்றது. அந்த மசோதா சட்டமாகாமலே போயிற்று.

அந்தக் காலக்கெடு இல்லாமைதான் இப்போது நம் தலையில் விடிந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு தொடுத்த வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கெடு விதித்தது. பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஆளுநர் காரணமே இல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால் "ஏதாவது ஒரு முடிவெடுங்கள்" என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். என் கருத்தில் இது மாநிலங்களுக்குப் பெரிய பின்னடைவு.

ஆக, அதிகாரம் இல்லை என்று சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடாமல் இருப்பதும் அதிகாரம்தான். அது யாருக்காகப் பயன்படுகிறது என்பதுதான் நம் சண்டை.

மாடத்திலிருந்து
8 டிசம்பர் 2025

வக்கீல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருக்கும்போதும் இந்தக் கத்தி அவர் கையில் முழுதாக வருகிறது. 1977 பிப்ரவரியில் பக்ருதீன் அலி அகமது இறந்தார். பி.டி. ஜாட்டி பொறுப்பேற்றார். ஜனதா அரசு ஒன்பது மாநிலச் சட்டப்பேரவைகளைக் கலைக்கப் பரிந்துரைத்தபோது ஜாட்டி உடனே கையெழுத்திடவில்லை. டெல்லியில் பெரும் பரபரப்பு. பிறகு கையெழுத்திட்டார். மாநிலங்கள் வாக்களிக்காத ஒருவரின் கையெழுத்தில் ஒன்பது மாநிலப் பேரவைகள் போயின. கயல்விழியின் முதல் கேள்வி அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடாது.

கயல்விழி
9 டிசம்பர் 2025

இந்த எடுத்துக்காட்டை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன் ஐயா. அடுத்த சந்தேகம் எண்கணக்கன் அண்ணாவுக்கு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 176 என்று படித்தேன். இன்னும் 1971 மக்கள்தொகையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்களா?

எண்கணக்கன்
9 டிசம்பர் 2025

ஆமாம். கணக்கு இதுதான்: மாநிலத்தின் மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மீதி 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். 1971இல் நம் மக்கள்தொகை 4,11,99,168. 234ஆல் வகுத்தால் 1,76,064. ஆகவே 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, கேரளத்துக்கு 152, புதுச்சேரிக்கு 16, சிக்கிமுக்கு 7. டெல்லியும் புதுச்சேரியும் 70ஆம் திருத்தத்துக்குப் பிறகுதான் இந்த வட்டத்துக்குள் வந்தன.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி. ஒருவரின் மதிப்பு வரும். 2022இல் எம்.எல்.ஏ.க்கள் பக்கம் 5,43,231, எம்.பி.க்கள் 776 பேர். ஆகவே தலைக்கு 700. 2017இல் 708 ஆக இருந்தது. ஜம்மு காஷ்மீருக்குச் சட்டப்பேரவை இல்லாமல் போனதால் குறைந்தது. இந்த ஏற்பாட்டினால் மாநிலங்கள் ஒரு பாதி, நாடாளுமன்றம் ஒரு பாதி என்று தராசு சமமாக நிற்கிறது.

இப்போது முக்கியமான இடம். தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாட்டில் தினமும் பேசுகிறோம். மக்களவை இடங்களை மாற்ற மறுவரையறைச் சட்டம், ஆணையம் என்று ஒரு நீண்ட பாதை உண்டு. வாக்கு மதிப்புக்கு அந்தப் பாதை தேவையில்லை. 55ஆம் பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள்: 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் புள்ளிவிவரங்கள் வெளியாகும் வரைதான் 1971. அவை வெளியான பிறகு வரும் முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் புதிய எண்ணிக்கை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரும் எந்த மசோதாவும் கொண்டுவர வேண்டியதில்லை. அடுத்த கணக்கெடுப்பின் நாள் 2027 மார்ச் 1.

எவ்வளவு மாறும் என்று அறிய, இப்போதைக்கு 2011 எண்ணிக்கையை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். தமிழ்நாடு 7,21,47,030; மதிப்பு 308. உத்தரப் பிரதேசம் 19,98,12,341, மதிப்பு 496. இப்போது நம் 234 பேரின் மொத்த மதிப்பு 41,184. அவர்களுடைய 403 பேரின் மதிப்பு 83,824. அதாவது அவர்களில் ஏறக்குறைய பாதி நாம். 2011 எண்ணிக்கையில் 72,072க்கு எதிரே 1,99,888. பாதியாக இருந்த நாம் 36 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறோம்.

காவிரிக்கரையான்
9 டிசம்பர் 2025

இது எனக்குப் புதுச் செய்தி. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு இன்னொரு தண்டனை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேடைதோறும் 39 இடங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருவராவது இந்த 176ஐப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பழைய வக்கீல்
9 டிசம்பர் 2025

பேச வேண்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். மாறுவது மாநிலப் பாதி மட்டும். நாடாளுமன்றப் பாதியில் எல்லா எம்.பி.க்களுக்கும் ஒரே மதிப்பு. அங்கே நம் மக்களவை 39, மாநிலங்களவை 18 என்ற எண்ணிக்கை மாறாத வரை நம் பங்கும் மாறாது. 2022 கணக்கில் நம் எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்கள் எல்லாம் சேர்த்து 81,084. மொத்தம் 10,86,431இல் ஏழரை விழுக்காடு. அடி விழும், ஆனால் பாதி அடி. 55ஐத் திருத்தி 1971ஐ நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மை மட்டும் போதாது. பாதி மாநிலச் சட்டப்பேரவைகளின் ஒப்புதலும் வேண்டும். 368ஆம் பிரிவு 54, 55 இரண்டையும் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. பேச வேண்டுமானால் இப்போதே தொடங்க வேண்டும்.

காவிரிக்கரையான்
9 டிசம்பர் 2025

வட மாநிலங்கள் தங்கள் மதிப்பைத் தாங்களே குறைத்துக்கொள்ள ஒப்புவார்களா, ஐயா?

பழைய வக்கீல்
9 டிசம்பர் 2025

1971 கணக்கையே தொடர 1976இலும் 2001இலும் நாடாளுமன்றம் ஒப்பியது. மூன்றாம் முறை ஒப்புமா என்பதை நானும் உங்களைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாடத்திலிருந்து
10 டிசம்பர் 2025

மதிப்பு எவ்வளவு இருந்தாலும் சீட்டைச் சரியாக எழுதத் தெரிய வேண்டுமே! செப்டம்பர் 9 அன்று துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 767 எம்.பி.க்கள் வாக்களித்தார்கள். சி.பி. ராதாகிருஷ்ணனுக்கு 452, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சுதர்சன் ரெட்டிக்கு 300, செல்லாதவை 15. எதிர்க்கட்சிகள் தங்கள் தரப்பில் 315 பேர் வாக்களித்ததாகச் சொல்லியிருந்தன. செல்லாத பதினைந்தும் அவர்களுடையவை என்று யாரும் நிரூபிக்க முடியாது. இரகசிய வாக்கெடுப்பு, கொறடா உத்தரவு இந்தத் தேர்தல்களுக்குக் கிடையாது, கட்சி மாற்றி வாக்களித்தாலும் பதவி போகாது.

எழுத வேண்டியதும் பெரிய வித்தையல்ல. விரும்பும் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1 என்று எண்ணில் எழுத வேண்டும். "ஒன்று" என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. தேர்தல் ஆணையம் தரும் பேனாவால்தான் எழுத வேண்டும், சொந்தப் பேனா கூடாது. இந்திய மொழி எதன் எண்ணிலும் எழுதலாம். தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் ௧ என்று எழுதினாலும் அது செல்லும். யாராவது அப்படி எழுதியிருந்தால் அவருக்கு என் வணக்கம்.

கயல்விழி
10 டிசம்பர் 2025

கடைசியாக ஒன்று. குடியரசுத் தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் 61ஆம் பிரிவில் எம்.எல்.ஏ.க்களே வரவில்லையே? தேர்ந்தெடுப்பதில் பங்கு, நீக்குவதில் பங்கு இல்லையா?

பழைய வக்கீல்
10 டிசம்பர் 2025

இல்லை. சரியாகப் பிடித்தீர்கள். அது மட்டுமா? தேர்ந்தெடுக்க உரிமை இல்லாத நியமன எம்.பி.க்கள் நீக்கும் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். இரு அவைகளில் எதிலும் தொடங்கலாம். அவையின் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து, பதினான்கு நாள் அறிவிப்பு, பிறகு ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. காரணம் ஒன்றே ஒன்று, அரசமைப்புச் சட்டத்தை மீறியது. இன்றுவரை ஒருவர் மீதும் அது தொடங்கப்படவில்லை.

துணைக் குடியரசுத் தலைவரை நீக்குவது எளிது. காரணம் குறிப்பிட வேண்டும் என்று 67ஆம் பிரிவு கேட்பதில்லை. ஆனால் மாநிலங்களவையில்தான் தொடங்க வேண்டும். அங்கே அப்போதைய உறுப்பினர்களின் பெரும்பான்மை, பிறகு மக்களவையின் இசைவு. 2024 டிசம்பரில் தன்கருக்கு எதிராக எதிர்க்கட்சிகள் கொடுத்த அறிவிப்பை அவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நிராகரித்தார். ஏழே மாதத்தில் தன்கர் உடல்நிலையைக் காரணமாகச் சொல்லித் தாமே விலகினார்.

மாநிலங்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தவரை நீக்க மாநிலங்களைக் கேட்காதது குறைதான். அரசமைப்பு அவையில் இருந்தவர்கள் விரைவை நினைத்திருக்கலாம். எம்.எல்.ஏ.க்களையும் சேர்த்தால் விசாரணை யார் நடத்துவது, எங்கே நடத்துவது என்று இடியாப்பச் சிக்கல்.

யாழ்நூலகன்
10 டிசம்பர் 2025

இரண்டு பதவிகளும் ஒரே நேரத்தில் காலியானால்?

பழைய வக்கீல்
10 டிசம்பர் 2025

1969இல் அதுதான் நடந்தது. ஜாகிர் உசேன் மறைந்துவிட்டார், கிரியும் விலகினார். அரசமைப்புச் சட்டம் அந்த நிலையைத் தானே தீர்க்கவில்லை. 70ஆம் பிரிவில் நாடாளுமன்றத்திடம் விட்டிருந்தது. அந்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றினார்கள்: இருவரும் இல்லையென்றால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லையென்றால் அங்கே கிடைக்கும் மூத்த நீதிபதி. அதன்படி நீதிபதி இதயதுல்லா ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை குடியரசுத் தலைவராகச் செயல்பட்டார். பிற்பாடு அவரே துணைக் குடியரசுத் தலைவராகி, 1982இல் ஜைல் சிங் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றபோது மறுபடியும் அந்தப் பொறுப்பைப் பார்த்தார். இரு வேறு வழிகளில் ஒரே நாற்காலிக்கு வந்தவர்.

நெறியாளர்
10 டிசம்பர் 2025

தொகுதி மறுவரையறை பற்றிய பதிவுகளை அதற்கான தனி இழையில் தொடருங்கள். எண்கணக்கனின் வாக்கு மதிப்புக் கணக்கை அங்கேயும் ஒட்டியிருக்கிறேன். மற்ற மாநிலங்களுக்கும் யாராவது போட்டுத் தந்தால் பட்டியலாகச் சேர்க்கலாம்.

எண்கணக்கன்
10 டிசம்பர் 2025

கேரளமும் பீகாரும் நாளை மாலைக்குள் போட்டுவிடுகிறேன்.